ரிமாண்டுக்கு முன்னால் ஒரு வக்கீல்

திண்டுக்கல் மாவட்டத்தில் எரியோட்டைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் வண்டிப்பாதை, கிணற்றுப் பங்கு, வேலிக்கல் என்று ஏதோ ஒன்றில் தொடங்கும் வாய்ப்பேச்சு சில நேரம் கைகலப்பில் போய் முடியும். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். அவருடைய அண்ணன் தம்பி ஸ்டேஷனுக்குப் போவார்கள். அங்கே போடப்படும் பிரிவுகளை ஊர்ப் பெரியவர்கள் பலர் மனப்பாடமாகவே சொல்வார்கள்: 294(பி), 323, 324, 506(2). கெட்ட வார்த்தை, அடி, ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். 2024 ஜூலை 1 முதல் இந்த எண்கள் மாறிவிட்டன. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872-இன் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியமும் வந்தன. பழைய நான்கு பிரிவுகள் இப்போது 296(பி), 115(2), 118(1), 351(3).

எண்ணைத் தெரிந்துவைத்திருக்கும் ஊர், அதன் எடையையும் தெரிந்துகொள்வது நல்லது. கையால் அடித்ததில் ஏற்பட்ட சாதாரணக் காயம் 115(2)-இல் வரும். ஓராண்டு வரை தண்டனை. ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். இந்த ஒரு பிரிவு மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையே செய்ய முடியாது. அதே சண்டையில் கையில் அரிவாளோ கத்தியோ இருந்தால் 118(1): மூன்றாண்டு வரை தண்டனை, வாரண்ட் இல்லாமல் கைது, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறவேண்டிய ஜாமீன். எலும்பு முறிந்தால், பல் விழுந்தால் அது கொடுங்காயம்; ஆயுதத்தால் நடந்திருந்தால் 118(2), குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். கொல்லும் நோக்கத்தோடு வெட்டினார் என்று ஒரு வரி சேர்ந்தால் கொலை முயற்சியான 109. நடந்தது ஒரே சண்டைதான். அதை எழுதுபவர் எந்தப் பிரிவைத் தேர்கிறார் என்பதில் ஒருவர் அன்றிரவு வீட்டில் படுப்பாரா, திண்டுக்கல் மாவட்டச் சிறையில் படுப்பாரா என்பது அடங்கியிருக்கிறது.

எழுதியதெல்லாம் நிற்கும் என்றும் இல்லை. ஏறக்குறைய எல்லா அடிதடிப் புகாரிலும் ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் கெட்ட வார்த்தைப் பிரிவையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வெறும் வசைச்சொல் ஆபாசம் ஆகிவிடாது, பேசிய சொல் என்ன என்றே புகாரில் இல்லாதபோது 294(பி) நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பிரிவு வழக்கம்போல் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வழக்கின் முதல் தாள் பெரும்பாலும் ஸ்டேஷனில் பிறப்பதில்லை, ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. அடிபட்டு வந்தவரைப் பார்க்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று வக்கீல்களும் போலீசாரும் சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு வந்தார், எங்கே, எப்போது, எதனால், எத்தனை பேரால் தாக்கப்பட்டதாகச் சொன்னார், காயத்தின் அளவு என்ன: இவ்வளவும் அதில் இருக்கும். தெரிந்த நபர் ஒருவர் தடியால் தாக்கியதாக ஆஸ்பத்திரியில் சொன்னவர், மறுநாள் புகாரில் ஐந்து பேர் பெயரைச் சொல்லி, ஆளுக்கொரு ஆயுதமும் கொடுத்திருந்தால், கூடுதலாகச் சேர்ந்த நாலு பேருக்கும் அந்த ஏ.ஆர். காப்பிதான் முதல் ஆதாரம். வீட்டில் இருந்த தம்பியையும் மில் ஷிப்டில் நின்ற மச்சானையும் சேர்த்து எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் கிராமப்புறங்களுக்குப் புதிதல்ல. மில்லின் வருகைப் பதிவேடும் கேமரா பதிவும் அந்த மச்சானைக் காப்பாற்றும். ஆனால் கேமரா பதிவு அழிந்துபோவதற்குள் யாராவது எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது புகார். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவருக்குப் பல நேரம் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீது. அது எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளப் புதிய சட்டம் இடம் தருகிறது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். எதிரியாகச் சேர்க்கப்பட்டவருக்கும் அதைப் பார்க்க உரிமை உண்டு: பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு.

அந்த எஃப்.ஐ.ஆர். தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மாஜிஸ்திரேட் அதில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுவார். காலை எட்டு மணிக்குப் பதிவான அறிக்கை வேடசந்தூர் கோர்ட்டுக்கு மறுநாள் இரவு போய்ச் சேர்ந்திருந்தால், இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி குறுக்கு விசாரணையில் கட்டாயம் வரும். அரசுத் தரப்பிடம் நல்ல பதில் இல்லையென்றால் வழக்கின் அடித்தளமே ஆட்டம் காணும்.

அடிதடியில் இரு தரப்பிலும் காயம் இருந்தால் இரண்டு புகாரும் பதிவாக வேண்டும். கேஸ், கவுண்டர் கேஸ் என்று வழங்கும் இந்த இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக் காவல் நிலை ஆணைகளே சொல்கின்றன. தற்காப்பு வாதம் எழுந்து நிற்பது இங்கேதான். தன் உடம்பையும் உடைமையையும் காத்துக்கொள்ள நியாயமான அளவில் திருப்பித் தாக்குவது குற்றமல்ல. நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதற்கே ஒதுக்கப்பட்டவை. ஆனால் தன் காயத்துக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாமல், நாலு நாள் கழித்துக் கையில் கட்டோடு வருபவருடைய தற்காப்புக் கதையை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

ஊரில் அதிகம் நடப்பது எஃப்.ஐ.ஆருக்கும் முந்திய ஒன்று. போனில், அல்லது ஏட்டையா நேரில் வந்து, விசாரணைக்கு வந்துட்டுப் போங்க என்பார். சட்டப்படி சாட்சியை அழைக்க எழுத்துமூலமான உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் கீழுள்ளவர்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றமென்றால் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரலாம், கைது செய்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. பழைய 41ஏ நோட்டீஸ் இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ். மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதியின்றிக் கைது செய்ய முடியாது என்ற புது விதியும் சேர்ந்திருக்கிறது. நோட்டீஸ் வந்தால் போயே ஆக வேண்டும். போகாமலிருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். ஒரு வக்கீலோடு, நோட்டீஸின் நகலோடு போவது நல்லது.

கைது என்று ஆனால், குறிப்பாணையில் தேதி, நேரம், சாட்சி கையெழுத்து இருக்க வேண்டும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-இன் டி.கே. பாசு தீர்ப்பிலிருந்து இவை படிப்படியாகச் சட்டப் புத்தகத்துக்குள் வந்தவை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன்பேரில் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட எவருக்கும் கடமை கிடையாது.

இத்தனை காகிதப் பாதுகாப்பும் எப்படிப் பொய்த்துப்போகும் என்பதற்குச் சாத்தான்குளம் இருக்கிறது. ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19-இல் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும், மாஜிஸ்திரேட்டின் ரிமாண்டு உத்தரவோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். மருத்துவச் சான்றும் இருந்தது. காவலில் தாக்கப்பட்டிருந்த இருவரும் அடுத்த சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். ரிமாண்டு நேரத்தில் மாஜிஸ்திரேட் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: உடம்பில் காயம் உண்டா, வக்கீல் இருக்கிறாரா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் இருந்தால், முதல் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1981-இன் கத்ரி வழக்கிலேயே, முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும்போதே ஏழைக்கு இலவச வக்கீல் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் காவலில் இறந்த கோயில் காவலாளியின் கதை ரிமாண்டு வரைகூடப் போகவில்லை.

ஜாமீனில் படிகள் பல. கைதாகும் அச்சமிருந்தால் திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட்டிலோ, 2004-இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன். கைதான பிறகு மாஜிஸ்திரேட், அடுத்து செஷன்ஸ், அடுத்து மதுரை. இந்தப் படிகளைத் திண்டுக்கல் மண்ணிலேயே நாடு பார்த்தது. 2023 டிசம்பர் 1-இல், அரசு டாக்டர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரைத் திண்டுக்கல்லில் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. திண்டுக்கல்லிலும் மதுரைக் கிளையிலும் அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அந்த விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்ற வாதமும் எழுந்தது. 2024 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அதிகாரிக்குக் கிடைத்த இந்தப் பாதை கூலிக்காரருக்கும் சட்டப்படி திறந்தே இருக்கிறது. அதில் நடக்க வக்கீல் வேண்டும், அவ்வளவுதான்.

அதிகம் தெரியாத, ஆனால் மிகவும் வலுவான உரிமை ஒன்று உண்டு. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு மோசமானது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. கொரோனா காலத்தில் மதுரை அருகே சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் ஒருவர் 70 நாளுக்கு மேல் குற்றப்பத்திரிகை இல்லாமலே உள்ளே இருந்தார். பெருந்தொற்றைக் காரணம் காட்டி மதுரைக் கிளை ஜாமீனை மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஜாமீன் கொடுத்தது. அந்தத் தீர்ப்பின் தேதி 2020 ஜூன் 19, சாத்தான்குளத்துக் கைது நடந்த அதே நாள். இந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: நாள் முடிந்தவுடன், குற்றப்பத்திரிகை வருமுன் மனு போட வேண்டும். நாளை எண்ணிக்கொண்டிருக்க வெளியே ஒருவர் இல்லாவிட்டால் உரிமை கைநழுவிப் போகும்.

ஜாமீன் உத்தரவு வந்தும் சூரிட்டி, அதாவது பிணை நிற்பவர், கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் தனி ரகம். மேஸ்திரி ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதைக் கண்டித்து 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் மோதி ராம் வழக்கில் எழுதியது இன்றைக்கும் பொருந்தும். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால், மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் தவிர மற்றவற்றில் வெளியே விட வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது.

குற்றப்பத்திரிகை வந்ததும் அதன் நகல்கள் முழுவதையும், எதிரி ஆஜரான 14 நாளுக்குள், அவருக்கு இலவசமாகத் தர வேண்டும். சாட்சி வாக்குமூலம், பார்வை மகஜர், வரைபடம், காயச் சான்று எல்லாம் சேர்ந்த கட்டு அது. அதைப் படித்த பிறகுதான் உண்மையான வழி தெரியும். கட்டில் ஒன்றுமில்லை என்றால் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே விடுவிப்பு மனு. புகாரை அப்படியே ஏற்றாலும் குற்றமே ஆகாது என்றால், பழைய 482 ஆக இருந்த 528-இன் கீழ் மதுரைக் கிளையில் வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் விசாரணை. அதில் மகஜர் சாட்சியாக வரும் வி.ஏ.ஓ. உண்மையில் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், பறிமுதல் செய்த அரிவாள் என்றைக்குக் கோர்ட்டுக்கு வந்தது, சண்டை நடந்த இடத்தில் விளக்கு இருந்ததாக வரைபடம் காட்டுகிறதா: வழக்குகள் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளில்தான் ஜெயிக்கின்றன, தோற்கின்றன. சினிமாவில் வரும் உரத்த வாதத்துக்கு அங்கே வேலையில்லை.

இதே காகிதங்கள் சரியில்லாதபோது பாதிக்கப்பட்டவர்களும் தோற்றுப்போவார்கள். எரியோட்டுக்குப் பக்கத்து வடமதுரை வட்டாரத்தில் 2019-இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்குப் பின் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டாள். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று 2020 செப்டம்பரில் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் இளைஞர் ஒருவரை விடுதலை செய்தது. நீதி கேட்டு அடுத்த மாதம் தமிழ்நாடெங்கும் முடிதிருத்தும் தொழிலாளர்கள் கடைகளை அடைத்துப் போராடினார்கள். ஊரின் கோபம் நியாயமானது. ஆனால் சந்தேகத்தின் பேரில் தண்டிக்காத நீதிமன்றத்தைக் குறை சொல்வதைவிட, சந்தேகம் எழாதபடி புலன்விசாரணை செய்யச் சொல்லிக் கேட்பதே அந்தச் சிறுமிக்குச் செய்யும் நியாயம்.

சில சட்டங்களில் மேலே சொன்ன வழிகள் குறுகிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. முகாந்திரமே இல்லை என்றால் மட்டும் விதிவிலக்கு. போக்சோவில் சில குற்றங்களுக்கு, தான் செய்யவில்லை என்று எதிரியே காட்ட வேண்டும். கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஜாமீன் மிகக் கடினம். அந்த வழக்குகளில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் வாக்குமூலமே பல காலம் தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபன் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. காசோலை வழக்கு வேறு மாதிரி. வங்கி திருப்பிய 30 நாளில் நோட்டீஸ், அதன்பின் பணம் கட்ட 15 நாள், அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு.

குண்டாஸ் என்னும் குண்டர் தடுப்புச் சட்டம் இன்னும் வேறு. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டப்படி மாவட்டக் கலெக்டர் உத்தரவு போட்டால் ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். இதில் ஜாமீன் கிடையாது. அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமையும் கிடையாது. வழி இரண்டு: அரசுக்கு மனு, மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. தடுப்புக் காவலுக்கான காரணங்களை ஐந்து நாளில் தர வேண்டும். மனுவைத் தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும். கைதிக்குப் புரியும் மொழியில், படிக்கும்படியான நகல் தர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் உத்தரவு ரத்தாகும், அப்படி ஏராளமாக ரத்தாகியும் இருக்கின்றன. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலைப் பயன்படுத்தக்கூடாது என்று 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது.

சின்ன வழக்குகளில் கேட்கும் யோசனை ஒன்று உண்டு: ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க. இருநூறு முந்நூறு ரூபாயில் அலைச்சல் தீரும் என்று தலையாட்டுபவருக்கு, அது குற்றத் தீர்ப்பு என்பது பல வருடம் கழித்து அரசு வேலைக்கான படிவத்தில்தான் தெரியும். சமரசம் அதைவிட எவ்வளவோ மேல். சமரசத்துக்கு உட்பட்ட பிரிவில் இரு தரப்பும் ராஜியானால் சட்டப்படி அது விடுதலை. பட்டியலில் இல்லாத பிரிவென்றால், தனிப்பட்ட தகராறாக இருக்கும்பட்சத்தில், மதுரைக் கிளை ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றில் இதற்கு இடமில்லை. காவலர் தேர்வுக்கு ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் இன்னொன்றும் அறிய வேண்டும்: தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகள், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கணக்கில் வைக்கின்றன.

எந்த எதிரிக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. கோவையில் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல் வந்தபோது, அந்தப் போலீசாருக்கு யாரும் ஆஜராகக்கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணமில்லாதவருக்கு 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். வக்கீல் இல்லாமலே நடந்த விசாரணையில் கிடைத்த தண்டனையை 1986-இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்தே செய்தது.

கைதுக்கு முன்பும், கைதின்போதும், ரிமாண்டின்போதும் இலவச வக்கீல் தரும் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2019-இலேயே வகுத்துவிட்டது. ஏ.ஆர். காப்பியைப் பார்ப்பதும், கேமரா பதிவைக் கேட்டு வாங்குவதும், காயத்தை மாஜிஸ்திரேட்டிடம் காட்டுவதும், அறுபதாவது நாளைக் குறித்து வைப்பதும் இந்த ஆரம்ப நாட்களின் வேலைகள். ஆறு மாதம் கழித்து எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் இவற்றில் பாதியை மீட்க முடியாது. ஆகவே எரியோடு போன்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும், அந்த வாரத்துக்கான சட்ட உதவி வக்கீலின் பெயரும் போன் நம்பரும் தமிழில் எழுதிய பலகை ஒன்று ஏட்டையா மேசைக்கு எதிரிலேயே தொங்க வேண்டும். கைது நடந்தவுடன் அந்த வக்கீலுக்குத் தகவல் போனதா என்று ரிமாண்டு உத்தரவில் மாஜிஸ்திரேட் எழுத வேண்டும். திண்டுக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இதைச் செய்ய முன்வர வேண்டும். அதுவரை, வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றால், புரோக்கரைத் தேடி அலையாமல் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். கைதான நேரத்தை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.